குழந்தைகளோடு வருபவர்கள் சற்றுப் பொறுக்கவும்

எங்கள் விமான நிலையத்தில் அவரை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பயணிகளை விமானத்துக்குள் அனுப்பும் கேட்டில் பத்தொன்பது வருட வேலை. அதற்கு முன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் கூப்பிடும் ஜன்னலில் ஐந்து வருடம். ஆக, வயதில் பாதியை மற்றவர்களை வரிசையில் நிறுத்தியே கழித்தவர். "எனக்குப் பொண்ணு பிறந்ததும் நர்ஸ் தூக்கிக் காட்டினாங்க. வாய் தவறி 'அடுத்து'ன்னு சொல்லிட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்பு வேறு, வரிசை வேறு. ஆஸ்பத்திரியில் பக்கவாட்டுக் கதவு வழியாக வரும் சிபாரிசுகளைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவர். "வரிசைன்னு ஒண்ணு இருந்தாத்தான் வாயில்லாதவனுக்கும் இடம். இல்லேன்னா சத்தம் போடறவனுக்குத்தான் எல்லாம்" என்பார். ஒருமுறை எங்கள் கம்பெனியின் இயக்குநர் ஒருவரையே, "உங்க முறை இன்னும் வரல சார்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் யாரென்று பிறகு தெரிந்தபோதும் அக்காவின் முகம் மாறவில்லை.

நான் அவருக்குப் பக்கத்தில் நின்று போர்டிங் பாஸை ஸ்கேனரில் காட்டுகிறவள். அக்கா கூப்பிடுவார், நான் சரிபார்த்து விடுவேன். ஆறு வருடமாக அப்படித்தான். நான் சொல்லப்போகிற நாளில் என் கையும் சுத்தமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதுவரை எங்கள் முறை எளிமையானது. முதலில் சக்கர நாற்காலியில் வருபவர்கள், அடுத்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு வருபவர்கள், அதன் பிறகு மற்றவர்கள். புதிய முறையில் சக்கர நாற்காலிக்கு அடுத்து, அடிக்கடி பறப்பதற்காகத் தங்க அட்டை வாங்கியவர்கள், அவர்களுக்குப் பின் முன்வரிசை இருக்கைக்காரர்கள், அதன் பிறகு ஜன்னலோரக்காரர்கள். குழந்தைக்காரர்கள் ஐந்தாவது இடத்துக்குப் போய்விட்டார்கள். இதனால் ஒரு விமானத்துக்கு நான்கு நிமிடம் மிச்சமாகுமாம்.

அறிக்கையைப் படித்துவிட்டு அக்கா, "எழுதினவன் குழந்தைய தூக்கிக்கிட்டு பஸ்ல கூட ஏறியிருக்க மாட்டான்" என்றார். ஆனால் மறுநாள் காலையிலிருந்து அட்சரம் பிசகாமல் அதன்படியே கூப்பிட்டார். பிடிக்காத வரிசையாக இருந்தாலும் வரிசை வரிசைதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பிற்பகல் விமானம். நூற்று எழுபத்தெட்டு இருக்கைகளும் நிரம்பியிருந்தன. கேட்டுக்கு முன்னால் எள் போட்டால் எள் விழாது. எங்கள் ஷிப்ட் மேனேஜர் கையில் கடிகாரத்தோடு தூணோரம் வந்து நின்றுகொண்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வினாடி முள். புதிய முறையால் எத்தனை நிமிடம் மிச்சமாகிறது என்று அந்த வாரம் கணக்கெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவரும் மனிதர்தான். மேலேயிருந்து வரும் இடி அவர் தலையில்தான் முதலில் விழும்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் ஐந்து மாதக் கைக்குழந்தை, முதுகில் பை. தள்ளுவண்டியில் நான்கு வயதுப் பையன் ஒருவன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட வேறு பெரியவர் யாரும் இல்லை.

"மேடம், குழந்தைங்களோட இருக்கறவங்க முன்னாடியே ஏறலாம்ல?"

"இப்ப முறை மாறிடுச்சும்மா. உங்கள கூப்பிடுவோம். கொஞ்சம் உக்காந்திருங்க" என்றார் அக்கா.

"போன தடவ முன்னாடி விட்டாங்களே."

"போன தடவ சரிதான்மா. இப்ப மாத்திட்டாங்க."

அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். உட்கார இடமில்லை. ஜன்னல் கண்ணாடியோரம் நின்றாள்.

அடுத்து நடந்ததில் என் பங்கு வருகிறது. தள்ளுவண்டிகளை விமானத்தின் வாசலில் வாங்கி, சாமான் அறைக்கு அனுப்புவதுதான் வழக்கம். ஆனால் கடைசி நேரத்தில் வண்டிகள் சேர்ந்து தாமதமாகிறது என்று, கேட்டிலேயே முன்கூட்டி வாங்கிவிடும்படி வினாடி முள் காலையில் சொல்லியிருந்தார். நான் அந்தப் பெண்ணிடம் போய் வண்டியைக் கேட்டேன். பையனை இறக்கினாள். அவன் இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். நான் வண்டியில் அடையாளச் சீட்டைக் கட்டி, மைக்கில் பேசிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்து, "இப்பவே கீழ அனுப்பிடவா அக்கா?" என்று கேட்டேன். அவர் தலை அசைந்தது. எனக்குப் பதிலாக அசைந்ததா, பேச்சோடு அசைந்ததா, தெரியாது. சரி என்று எடுத்துக்கொண்டேன்.

சாமான் ஏற்றும் ஆட்களில் நெட்டை என்று ஒருவர் உண்டு. அவர் வந்து வண்டியை வாங்கிக்கொண்டு ஏரோபிரிட்ஜுக்குள் போனார். கட்டிடத்தையும் விமானத்தையும் இணைக்கும் கூண்டு மாதிரியான பாதை அது. அதன் கடைசியில், விமானத்தின் வாசலுக்கு இரண்டடி முன்னால், பக்கவாட்டில் ஓர் இரும்புக் கதவு. அதைத் திறந்தால் கீழே விமானங்கள் நிற்கும் தளத்துக்கு இறங்கும் படிக்கட்டு.

தங்க அட்டைக்காரர்கள் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மறுபடி வந்தாள். கைக்குழந்தை வீறிட்டு அழுதது. பையன் அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தபடி, "என் தலாணி, என் தலாணி" என்று சிணுங்கினான்.

"வண்டியையும் வாங்கிட்டீங்க. ரெண்டு பேரையும் நான் எப்படி பிடிச்சுக்கிட்டு நிக்கறது? தயவு செஞ்சு விட்டுடுங்களேன்."

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு தூணோரம் நின்றவரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கடிகாரத்தையும் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம்தான்மா" என்றார் அக்கா. அந்தக் குரலில் எப்போதும் இருக்கும் உறுதி இல்லை.

முன்வரிசைக்காரர்களைக் கூப்பிட்டதும் கூட்டம் மொத்தமாக முன்னால் நெருக்கியது. நான் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேனர் வைத்த மேசை என் இடுப்புக்கு மேல் உயரம். பச்சை விளக்கு, அடுத்தவர், பச்சை விளக்கு, அடுத்தவர். இருபது பேரைக் கூட விட்டிருக்க மாட்டேன். அப்போது அந்தக் குரல் கேட்டது.

"இங்கதான் இருந்தான்! இப்பத்தான் இருந்தான்!"

அவள் கைக்குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். பாலைக் கலக்குவதற்காகப் பையைத் திறந்தாளாம். நிமிர்ந்தபோது சட்டை நுனியில் யாரும் இல்லை.

ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். ஒருவர் கழிப்பறைப் பக்கம் கை காட்டினார், இன்னொருவர் கடைப் பக்கம். கூட்டம் கலைந்து குழம்பியது. இவ்வளவு கால்களுக்கு நடுவில் மூன்றடிப் பையனை எங்கே தேடுவது?

அக்கா ஸ்கேனரின் மேல் கையை வைத்து மூடினார். "யாரையும் விடாத" என்றார் என்னிடம். மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் இருக்கற இடத்திலேயே உக்காருங்க. தரையில உக்காருங்க. ஒரு குழந்தைய காணோம். யாரும் நடக்காதீங்க, நிக்காதீங்க. உக்காருங்க."

ஒரு நொடி யாரும் அசையவில்லை. பிறகு ஒரு வயதான தம்பதி கைப்பிடித்து மெல்ல உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள். கோட்டு போட்டவர்களும் பெட்டி மேல், தரை மேல் என்று உட்கார்ந்தார்கள். அந்தக் கூடம் முழுவதும் தலைகள் இறங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எல்லோரும் உட்கார்ந்தால் நிற்கிற பொடியன் தனியாகத் தெரிவான் என்பது அக்காவின் கணக்கு.

நின்றுகொண்டிருந்தது அந்தத் தாய் மட்டும்தான்.

"இங்க இல்ல" என்றார் அக்கா. திரும்பி ஏரோபிரிட்ஜ் வாயைப் பார்த்தார். பிறகு என் மேசையின் உயரத்தைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டேன். பையன் என் மூக்குக்குக் கீழேயே போயிருக்கிறான்.

வினாடி முள் ஓடி வந்தார். "செக்யூரிட்டிய கூப்பிட்டாச்சு. அவங்க தேடட்டும். நீ போர்டிங்க நிறுத்தாதே, இன்னும் பதினாறு நிமிஷம்தான் இருக்கு."

"சார், ஒதுங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா உள்ளே ஓடினார். நாற்பத்தாறு வயது, முட்டி வலிக்குப் பட்டை கட்டியிருந்தவர். நான் ஸ்கேனரை அணைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

உள்ளே வரிசையாக நின்றவர்களையும் உட்காரச் சொன்னார். அங்கும் இல்லை. விமானத்தின் வாசலில் நின்ற பணிப்பெண், "குழந்தை யாரும் இன்னும் ஏறலையே" என்றாள். அக்கா பக்கவாட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அது முழுதாக மூடவில்லை. இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாகச் சூடான காற்றும் இரைச்சலும் வந்துகொண்டிருந்தன. வண்டியைத் தூக்கிக்கொண்டு நெட்டை போனபோது, தானாக மூடிக்கொள்ளும் என்று கதவை விட்டிருக்கிறார். கடைசி இரண்டு விரலில் சிக்கி நின்றுவிடும் கதவு அது.

அக்கா தோளில் மாட்டியிருந்த வாக்கி-டாக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். "தளத்துல குழந்தை இருக்கு. எந்த வண்டியும் நகரக் கூடாது. திரும்பச் சொல்றேன், எதுவும் நகரக் கூடாது."

கீழே வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. தளப் பொறுப்பாளர் மட்டும்தான் சொல்லலாம். மஞ்சள் மேலங்கி இல்லாமல் தளத்தில் கால் வைக்கவே கூடாது. அக்கா படியிறங்கிவிட்டார். நான் மேலே படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேலேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்துத் தடத்தில் நின்ற விமானத்தின் வயிற்றில் சிவப்பு விளக்கு சுழல ஆரம்பித்திருந்தது. எஞ்சினைக் கிளப்பப் போகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் விமானத்தின் பக்கத்தில், நான்கு டிராலிகளைக் கோத்த டிராக்டர் ஒன்று வால் பக்கத்துக்குப் போகத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் காதில் இரைச்சல் தடுப்பான். வாக்கியில் சொன்னது அவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கடைசி டிராலியின் மேல் அந்தத் தள்ளுவண்டி கவிழ்ந்து கிடந்தது. அதற்கும் முந்தைய டிராலிக்கும் நடுவில், இணைப்புக் கம்பியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, பையன் எக்கிக்கொண்டிருந்தான். வண்டியிலிருந்து தொங்கிய ஒரு பழைய தலையணை உறையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா பையனை நோக்கி ஓடவில்லை. டிராக்டருக்கு முன்னால் ஓடினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, வண்டியின் மூக்குக்கு முன்னால் நின்றார். தளத்தில் அதற்கு 'நில்' என்று பொருள். டிராக்டர் ஓரடி முன்னால் குதித்து நின்றது. டிராலிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. ஓட்டுநர் எழுந்து ஏதோ திட்டினார். பிறகு அக்கா கை காட்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

நான் பையனைத் தேடினேன். கம்பியின் மேல் இல்லை. அந்த இரண்டு மூச்சு நேரம் என் ஆயுளில் பத்து வருடத்தைக் குறைத்திருக்கும். டிராலிகள் இடித்துக்கொண்டபோது அதிர்ந்து பின்பக்கமாக விழுந்து, தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் தலையணை உறை. முழங்கையில் சிராய்ப்பு. அக்கா குனிந்து தூக்கியபோது அவன் அழவில்லை. "விடு! என் தலாணி! நீ தரமாட்டே!" என்று அக்காவின் தோளைக் கடித்தான். கடித்த பல்லோடு அவனைத் தூக்கிக்கொண்டு அக்கா படியேறினார்.

தாய் ஏரோபிரிட்ஜ் வரை வந்திருந்தாள். கைக்குழந்தையை யாரோ ஒரு பயணி வைத்திருந்தார். பையனை வாங்கி, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். முதுகில் ஒரு அடி போட்டாள். அடித்த இடத்திலேயே முத்தம் கொடுத்தாள். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு தடவ கேட்டேனே" என்றாள். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அக்கா அவளையும் குழந்தைகளையும் தானே இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைத்தார். திரும்பி வந்து மைக்கை எடுத்து, "குழந்தைகளோடு இருப்பவர்கள் எல்லாரும் இப்ப வாங்க" என்றார். இன்னும் மூன்று குடும்பம் இருந்தது. தரையிலிருந்து எழுந்த யாரும் முணுமுணுக்கவில்லை. விமானம் இருபத்து மூன்று நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

அது போன பிறகுதான் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியை நான்தான் திறந்து கொடுத்தேன்.

வினாடி முள் அறிக்கைத் தாளோடு வந்தார். குரல் இறங்கியிருந்தது. "பாரும்மா, குழந்தை நல்லா இருக்கு. நல்ல காரியம் பண்ணினே. தாயோட கவனக்குறைவுன்னு ஒரே ஒரு வரி எழுதிடு. நமக்கெல்லாம் பிரச்சினை இல்லாம போயிடும்."

"பழி ஓரிடம் பாவம் ஓரிடமா சார்?" என்றார் அக்கா. "அந்தப் பொண்ணு கவனமா இருந்துதான் ரெண்டு தடவ வந்து கேட்டா. கவனமில்லாதது நாமதான்."

எழுதினார். இரண்டு தடவை கேட்டதை எழுதினார், தான் இரண்டு தடவை மறுத்ததையும் எழுதினார். தள்ளுவண்டியை முன்னதாக அனுப்பியது பற்றி, 'என் ஒப்புதலின்பேரில்' என்று எழுதினார். நான் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீங்க நிஜமா தலையாட்டினீங்களா?"

"எனக்கே ஞாபகமில்லடி. ஆட்டலேன்னு சத்தியம் பண்ண முடியுமா என்னால?"

அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், படுத்தேன். அப்பாடா, என் பெயர் வரவில்லை என்று ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

விசாரணை பத்து நாள் கழித்து நடந்தது. மூன்று அதிகாரிகள், நீள மேசை, குளிர்ந்த அறை. அதற்குள் அந்தத் தாயின் கடிதமும் வந்திருந்தது. அதை உரக்கப் படித்தார்கள். முன்னால் விடச் சொல்லிக் கெஞ்சியும் மறுத்ததாக எழுதியிருந்தாள். கடைசியில், 'என் மகனுக்காக வண்டியின் முன்னால் போய் நின்றதும் அதே அம்மாதான். இரண்டையும் நான் மறக்க மாட்டேன்' என்றும் எழுதியிருந்தாள்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"அவங்க எழுதினது எல்லாம் சரி சார்" என்றார் அக்கா.

"சுற்றறிக்கைப்படிதானே மறுத்தீங்க? அப்போ உங்க மேல தப்பில்லையே?"

"சார், ஆஸ்பத்திரியில நான் டோக்கன் கூப்பிடறப்போ, வலியில துடிக்கறவங்க வந்தா நம்பர் பாக்க மாட்டேன். நேரா உள்ள விடுவேன். வரிசையில நின்னவங்க ஒருத்தர்கூட கேள்வி கேட்டதில்ல. அன்னிக்கு அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவ வந்தப்போ எனக்குத் தெரிஞ்சுது, இவளால முடியலேன்னு. தெரிஞ்சும் நான் கடிகாரத்தப் பாத்தேன். தப்பு அதுதான்."

அப்போதுதான் நான் எழுந்தேன். "வண்டிய அனுப்பினது நான் சார். அக்கா சரின்னு சொன்னத நான் காதால கேக்கல. கேட்டு உறுதி பண்ணியிருக்கணும்" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தோஷப்பட்ட மாதிரியும் இல்லை, கோபப்பட்ட மாதிரியும் இல்லை. தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு இடம் விட்டார்.

முடிவு இப்படி வந்தது. மேலங்கியில்லாமல் தளத்தில் இறங்கியதற்கும், அதிகாரமில்லாமல் வேலையை நிறுத்தச் சொன்னதற்கும் அக்காவுக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. எனக்கும் நெட்டைக்கும் அதே மாதிரி ஒன்று. அக்காவை கேட்டிலிருந்து எடுத்து, காணாமல் போன பெட்டிகளுக்குப் பதில் சொல்லும் மேசையில் போட்டார்கள். உயிரைக் காப்பாற்றினவளுக்கா இது என்று கான்டீனில் பலரும் கொதித்தார்கள். அக்கா கொதிக்கவில்லை. "குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா எந்த மேசையில போட்டாலும் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. இப்ப வருது. அது போதும்" என்றார். வீட்டில் அவர் கணவர் மட்டும், "டிராக்டருக்கு முன்னாடி நின்னியாமே, ஏன் சொல்லல?" என்று மூன்று நாள் பேசாமல் இருந்தாராம். கோபமில்லை, பயம்.

தள்ளுவண்டியை விமானத்தின் வாசலில், பெற்றவர்கள் கண்முன்னால் மட்டுமே வாங்க வேண்டும் என்ற உத்தரவு ஒரே வாரத்தில் வந்தது. அந்த இரும்புக் கதவில் ஒரு மணி பொருத்தினார்கள். சரியாக மூடாவிட்டால் காது கிழியும். வரிசை மட்டும் உடனே மாறவில்லை. ஐந்து மாதம் அப்படியேதான் கூப்பிட்டோம். அக்கா இடத்தில் மைக்கைப் பிடித்தவள் நான். ஒவ்வொரு தடவையும் கைக்குழந்தையோடு நிற்பவர்களை மைக்கில் அறிவிக்காமல் முதலில் கை காட்டி உள்ளே அனுப்பிவிடுவேன். வினாடி முள் பார்ப்பார். பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆறாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை புதிய சுற்றறிக்கை அறிவிப்புப் பலகையில் ஏறியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு வருபவர்கள் சக்கர நாற்காலிக்கு அடுத்து ஏறலாம். காரணம் ஒன்றும் போடவில்லை. நான் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார். இன்னொரு முறை, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"முன்ன அஞ்சு வயசு. இப்ப ஆறா போட்டிருக்காங்க" என்றார்.

"அவ்வளவுதானா அக்கா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"என்ன சொல்லச் சொல்றே? அங்க ஒருத்தர் பெட்டி வேற ஊருக்குப் போயிடுச்சுன்னு அரைமணியா உக்காந்திருக்காரு. உள்ள அவரோட மாத்திரையெல்லாம் இருக்காம்."

படித்ததற்கு அடையாளமாகத் தாளின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, முட்டியைத் தேய்த்தபடி தன் மேசைக்கு நடந்தார்.